முற்றத்துக்குத் தகரம் போடலாமா? பிரெஞ்சுக்காரன் கேட்டால் சிரிப்பான்!

தென்காசி, குற்றாலம் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றம் உண்டு. "சாரல் உள்ளே அடிக்குது, பாசி வழுக்குது, குரங்கு வேற இறங்குது" என்று பலர் தகரத்தைப் போட்டு மூடி விடுகிறார்கள். அப்புறம் பட்டப்பகலில் லைட் போட்டுச் சாப்பிட வேண்டியதுதான்!

தென் பிரான்சு கிராமங்களில் இந்த முற்றத்தைத்தான் தோட்டமாக வைத்திருக்கிறார்கள். கல் சுவர், தரையில் சரளைக்கல், நாலு மண்தொட்டி, ஒரு திராட்சைப் பந்தல், சமையலுக்குக் கிள்ளிப் போட வாசனைச் செடி. நடுவே ஒரு மேஜை. அவ்வளவுதான் சமாச்சாரம்.

நம்ம ஊரிலும் செய்யலாம். ஆனால் அப்படியே காப்பி அடித்தால் காசு போச்சு!

லாவெண்டர் வேண்டாம்

வெயிலும் வறண்ட மண்ணும் கேட்கிற செடி அது. ஜூன் முதல் சாரல், அக்டோபர் வந்தால் அடைமழை. வேர் அழுகிப் போகும். பதிலுக்குத் துளசி, புதினா, கற்பூரவல்லி, ஒரு பிச்சிக் கொடி வையுங்கள். திராட்சைக்குப் பதில் தூணில் மிளகுக் கொடி. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனே ஜாதிக்காய், கிராம்பு போட்டுப் பார்த்த மண் குற்றாலம், மிளகு வராதா?

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட பாண்டிச்சேரியில் மதில் மேல் வழியும் காகிதப்பூ இருக்கிறதே, அதுவும் பிரான்சு நாட்டுப் பூ அல்ல. 1766-ல் உலகம் சுற்றக் கிளம்பிய பூகன்வில் என்ற கப்பல் தலைவரின் கூட்டம் பிரேசிலில் கண்டெடுத்தது. அவர் பெயரையே வைத்து விட்டார்கள். கடன் வாங்கிய பூதான்!

பாசிக்கு என்ன வழி?

நடுவில் மட்டும் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சரளை பரப்புங்கள். தண்ணீர் மண்ணில் இறங்கும், கால் வழுக்காது. சுவர் ஓரத்தை மட்டும் தொடாதீர்கள். பழைய சுவர், ஈரம் ஏறும். அந்தத் தண்ணீர் வழக்கம்போலத் தூம்பு வழியே போகட்டும்.

ஆரியங்காவுக் கணவாய்க் காற்று உயரமான தொட்டியை உருட்டி விடும். அகலத் தொட்டியே நல்லது. அடியில் தட்டு வைக்க வேண்டாம்; தண்ணீர் நின்றால் கொசுதான் மிச்சம்.

குரங்குக்கு? தகரம் எதற்கு, கம்பி வலை போதுமே. வெளிச்சமும் வரும், மழையும் வரும்.

தகரத்தைக் கழற்றுவதாக இருந்தால் வைகாசிக்குள் கொத்தனாரைப் பிடியுங்கள். சாரல் விழுந்துவிட்டால் ஓட்டு மேல் கால் வைக்க முடியாது.