ஆவடிப் பாறையில் இலை உண்டு, நிலக்கரி இல்லை, ஏன்?

எட்டாம் வகுப்பில் நிலக்கரி பற்றிப் பேசும்போது, "மண்ணில் புதைந்த தாவரங்கள் பல கோடி ஆண்டுகளில் நிலக்கரியாக மாறின" என்ற ஒரே வரியோடு முடித்துவிடுவது என் வழக்கம். மேனாம்பேட்டில் தன் வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது வெளிவந்த சாம்பல் நிறக் களிப்பாறைத் துண்டுகளை ஒரு மாணவி கொண்டுவந்தாள். ஆவடி, ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் இத்தகைய பாறையில் இலைப் படிவங்கள் கிடைத்திருக்கின்றன என்றேன். "அப்போ நம்ம ஊருக்கு அடியிலயும் நிலக்கரி இருக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். என் ஒரு வரி விளக்கத்தின்படி, இருக்கத்தான் வேண்டும்!

புதைவது மட்டும் போதாது என்பதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். செடிகள் வளர்ந்த இடத்திலேயே தலைமுறை தலைமுறையாக மடிந்து குவிய வேண்டும். மேலே தேங்கிய நீர் காற்றைத் தடுத்தால்தான் அவை முழுவதும் மட்கிப் போகாது. நிலம் மெல்லத் தாழ்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஆற்றுச் சேறு அதிகம் வந்து கலக்கவும் கூடாது. மொத்தத்தில், தேவை ஒரு சதுப்புக் காடு.

ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள் கிரெட்டேசியஸ் காலத் தொடக்கத்தில் உருவானவை. இவற்றில் டைலோபில்லம் போன்ற தாவரங்களின் இலைகளோடு, அம்மோனைட் என்ற கடல் உயிரியின் படிவங்களும் உள்ளன. கடல் வந்துபோன கரையோரத்தில், ஆறு அடித்து வந்த இலைகள் சேற்றுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிந்தன. எனவே அச்சு கிடைத்தது, நிலக்கரி கிடைக்கவில்லை.

நூல்கள் இதை 'மேல் கோண்டுவானா' என்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரி 'கீழ் கோண்டுவானா'வைச் சேர்ந்தது. அது இதைவிட 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. குளோசாப்டெரிஸ் மரங்கள் சதுப்பில் குவிந்து உண்டானது. பெயர் ஒன்றானாலும் சூழல் வேறு.

நம் மாநிலத்தில் சதுப்பு அமைந்த இடம் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்புப் பொருள் வெளிப்பட்டது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆவடிப் பாறையைவிட மிக இளையது அந்தப் படுகை. ஆனாலும் கரையோரச் சதுப்பில் தாவரங்கள் இடைவிடாமல் குவிந்ததால் பல மீட்டர் தடிமன் சேர்ந்திருக்கிறது. வயது குறைவு, அழுத்தமும் வெப்பமும் குறைவு. ஆகவே இன்னும் பழுப்பாகவும் ஈரமாகவும் இருக்கிறது.

மறுவாரம் இரண்டு பாட்டில்கள் வைத்தோம். ஒன்றில் களிமண் கரைசலும் நான்கைந்து வேப்பிலைகளும். மற்றதில் இலைகளை மட்டும் அமுக்கி நிரப்பி, மூழ்கும்வரை நீர் ஊற்றி இறுக மூடினோம். பள்ளி மரத்தடியில் திறந்தவெளியில் ஓர் இலைக்குவியலும் வைத்தோம். சில வாரங்களில் குவியல் பொடியத் தொடங்கியது. முதல் பாட்டிலின் களிமண்ணைக் காயவைத்துப் பிளந்தால் இலை அச்சு. இரண்டாவதில் இலைகள் கறுத்து, உருக்குலையாமல் இருந்தன. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் திறந்தோம். இந்தச் செயல்பாட்டைச் செய்பவர்கள் மூடியை வகுப்புக்கு வெளியே திறப்பது நல்லது.