மகனுக்கு முதல் கார்: பழைய காரைக் கொடுக்கலாமா?

மகனுக்கு 18 வயது ஆகிவிட்டது. லைசென்சும் வந்துவிட்டது. "அப்பா, கார் வேணும்" என்கிறான்.

சோமனூரில் தறி ஓட்டும் குடும்பமானாலும் சரி, பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பமானாலும் சரி, அடுத்து நடப்பது ஒன்றுதான்.

அப்பா தமக்குப் புதுக் கார் வாங்கிக்கொள்கிறார். வீட்டில் நின்ற பழைய கார் மகனுக்கு வருகிறது. பழைய கார் இல்லாத வீட்டில், இருப்பதற்குள் மலிவான செகண்ட்ஹாண்ட் கார் ஒன்றைத் தேடுகிறார்கள்.

"பழகுற வரைக்கும் இது போதும் கண்ணு. எங்காச்சும் இடிச்சாலும் போனாப் போகுது" என்கிறார் அப்பா.

இடித்தால் போவது கார் மட்டும்தானா?

யோசித்துப் பாருங்கள். 20 ஆண்டுகள் ஓட்டிப் பழகிய அப்பாவுக்கு உறுதியான புதுக் கார். நேற்று லைசென்சு வாங்கிய பையனுக்கு ஓட்டைக் கார்! எந்த நேரத்தில் பிரேக் போட வேண்டும் என்பது இன்னும் கைவராதவன் அவன்தான். நல்ல கார் அவனுக்குத்தான் வேண்டும்.

லட்ச ரூபாய் கார்

கோவைக்கு மோட்டார் புதிதல்ல. 1920-ம் ஆண்டிலேயே ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டினார். ஆனால் சொந்தக் கார் என்பது பணக்காரர்களின் பொருளாகவே வெகுகாலம் இருந்தது.

1983-ம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வந்தது. நடுத்தரக் குடும்பங்களும் கார் வாங்கின.

2009-ம் ஆண்டில் 'நானோ' வந்தது. விலை சுமார் 1 லட்சம் ரூபாய்! அப்பா, அம்மா, குழந்தைகள் என்று ஒரு குடும்பமே ஒரே ஸ்கூட்டரில் போவதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் பிறந்தது என்று ரத்தன் டாட்டா சொன்னார். அவர் நினைத்ததில் தவறில்லை. மழையில் ஸ்கூட்டரில் நால்வர் போவதைவிடச் சின்னக் கார் எவ்வளவோ மேல்.

ஆனால், கார் மோதினால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள்?

பூஜ்ஜியம் வாங்கிய 5 கார்கள்

இதற்கான பதில் 2014-ம் ஆண்டு ஜனவரியில் கிடைத்தது.

'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட 5 சிறிய கார்களை மோதவிட்டுச் சோதித்தது. நானோ, ஆல்ட்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ ஆகியவை அவை. உள்ளே மனிதர்களுக்குப் பதில் பொம்மைகளை உட்கார வைத்தார்கள். வேகம், மணிக்கு 64 கிலோமீட்டர்.

அவினாசி ரோட்டில் போகிறவர்களுக்கு இது ஒரு வேகமே அல்ல. ஆனால் அந்த வேகத்தில் சுவரில் மோதுவது, 50 அடி தென்னை மரத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம்!

5 கார்களும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. அத்தனையும் பூஜ்ஜியம்.

'ஏர்பேக்' என்னும் காற்றுப்பை அவற்றில் இல்லை என்பது ஒரு காரணம். நானோ, ஆல்ட்டோ, ஐ10 ஆகிய மூன்றின் உடற்கூடும் போதிய உறுதியுடன் இல்லை என்று அந்த அமைப்பு கூறியது. அப்படிப்பட்ட காரில் காற்றுப்பையை மட்டும் வைத்தாலும் முழுப் பயன் கிடைக்காது.

போலோவின் கூடு உறுதியாக இருந்தது. 2 காற்றுப்பைகளுடன் அதே காரை மறுபடி சோதித்தபோது 4 நட்சத்திரம் கிடைத்தது!

சட்டம் வந்தது

அதன் பிறகு அரசாங்கம் ஒவ்வொன்றாகச் சட்டம் கொண்டு வந்தது. 2019-ம் ஆண்டு ஏப்ரல் முதல் புதிய கார்களில் 'ஏ.பி.எஸ்.' பிரேக் கட்டாயம் ஆயிற்று. மழையில் திடீரென்று பிரேக் போட்டாலும், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இது காக்கும். அதே ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் டிரைவருக்குக் காற்றுப்பை கட்டாயம். 2022 முதல், பக்கத்தில் உட்காருபவருக்கும் கட்டாயம்.

கம்பெனிகளும் மாறின. நானோவைச் செய்த அதே டாட்டா கம்பெனியின் 'நெக்சான்' 2018-ல் 5 நட்சத்திரம் பெற்றது. சிறிய காரான 'டியாகோ' 2020-ல் 4 நட்சத்திரம் பெற்றது. ஆகவே, விலை குறைந்த கார் எல்லாம் ஆபத்தான கார் அல்ல. பழைய மலிவுக் கார்தான் ஆபத்து.

செகண்ட்ஹாண்ட் கார் வாங்கப் போகிறவர்கள், முதலில் ஆர்.சி.யில் கார் எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்று பாருங்கள். பதிவு செய்த தேதி வேறு, தயாரித்த தேதி வேறு! 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானது என்றால் நல்லது. அதற்கு முந்திய கார் என்றால், காற்றுப்பையும் ஏ.பி.எஸ்.ஸும் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்

புரோக்கர் காட்டுவது பெயிண்டு, பாட்டுப் பெட்டி, அலாய் சக்கரம். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு.

சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகம்! ஒரு தடவை விரிந்த காற்றுப்பையை மடித்து மறுபடி வைக்க முடியாது, புதிதுதான் மாட்ட வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து வெறும் மூடியை ஒட்டி விற்பவர்களும் உண்டு.

டயரின் பக்கவாட்டில் 4 இலக்கங்கள் இருக்கும். '2319' என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பட்டன் தேயாமல் இருந்தாலும், வயதான டயரின் ரப்பர் வெடித்துவிடும்.

பட்டி பார்த்து மறைத்த விபத்துக் கார்களைக் கண்டுபிடிக்க, நம்பிக்கையான டிங்கரிங் மேஸ்திரி ஒருவரை உடன் அழைத்துப் போவது நல்லது.

சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பூட்டிக்கொண்டால் சரி.

இந்த பெல்ட்டைத்தான் நம் வாலிபர்கள் சட்டை கசங்கும் என்று ஒதுக்குகிறார்கள். இடுப்பையும் மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டை 1959-ம் ஆண்டில் சுவீடனில் வால்வோ கம்பெனியின் இன்ஜினீயர் நில்ஸ் போலின் அமைத்தார். அதை மற்ற கம்பெனிகளும் இலவசமாகப் பயன்படுத்த வால்வோ அனுமதித்தது.

பெல்ட் போடாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த காரும் காப்பாற்றாது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி தொழில் அதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தார். அவர் சென்றது மெர்சிடஸ் கார். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் அணியவில்லை என்று போலீசார் தெரிவித்தனர்.

லைசென்சு வந்த பிறகுதான் படிப்பு

உலகம் முழுவதும் கண்ட உண்மை ஒன்று உண்டு. புதிதாக லைசென்சு பெற்றவருக்கு முதல் சில மாதங்கள்தான் அதிக ஆபத்து. இரவு நேரமும், காரில் கூட்டாளிகளும் சேர்ந்தால் ஆபத்து பெருகும்.

நியூசிலாந்து நாட்டில் 1987-ம் ஆண்டே இதற்குச் சட்டம் செய்தார்கள். புதிய டிரைவர் சில காலம் இரவு நேரத்தில் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது என்று விதித்தார்கள்.

நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ள யார் தடுக்கிறார்கள்? முதல் 6 மாதம் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்காரலாம். மகள் ஓட்டினாலும் இதே பேச்சுதான்.

18 வயது ஆகாத பையனிடம் சாவியைக் கொடுப்பவர்களுக்கு 2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கடுமையானது. பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது!

கார் வந்ததும் பையன்கள் முதலில் கேட்பது வால்பாறைப் பயணம். ஆழியாறுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள்! ஏறுவது சுலபம். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இதைச் சமவெளியில் பழகிய பையனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். ஆகவே, முதல் மலைப் பயணத்தில் கூட்டாளிகளுக்குப் பதில் மலைப் பாதையில் ஓட்டித் தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ முன் சீட்டில் இருக்கட்டும்.