வளர்ப்புப் பிராணிகளுக்குத் தூய குடிநீர்: நோயாளிகள் உள்ள இல்லங்கள் அறிய வேண்டியவை

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுபவர், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர் ஆகியோர் உள்ள இல்லங்களில் குடிநீர் மிகுந்த கவனத்துடன் காய்ச்சப்படுகிறது. அதே இல்லத்தின் நாய்க்கோ, பல வேளைகளில் துணி அலசிய வாளியின் மிச்சமும் வாசலில் தேங்கிய மழைநீருமே கிடைக்கின்றன. சற்று நேரத்தில் அந்த நாயே நோயாளியின் கட்டிலருகே வந்து படுக்கிறது. குடும்பத்தினர் அருந்தத் தகாத நீரை வளர்ப்புப் பிராணிக்கும் வைக்கலாகாது. நோயாளியைப் பராமரிக்கும் நீங்கள் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது இதுவே.

நோயாளி இருப்பதால் நாயையோ பூனையையோ வீட்டைவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்தக்கூடும். பெரும்பாலான நேர்வுகளில் அது தேவையில்லை. நீண்ட நாள் படுக்கையில் இருப்பவருக்கு அப்பிராணி தரும் துணையும் சிறிதன்று. சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்டறிந்து முடிவு செய்யவும்.

நீர் வழியே பரவும் நோய்கள்

மழைக்காலத்தில் மிகுதியாகக் காணப்படும் எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிரியால் உண்டாகிறது. எலி, மாடு, நாய் முதலியவற்றின் சிறுநீரில் வெளியேறும் இக்கிருமி, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிர்வாழ வல்லது. தெருவில் தேங்கிய நீரைக் குடிக்கும் நாய்க்கு இது தொற்றலாம். தொற்றுக்குள்ளான நாய் வெளிப்பார்வைக்கு நலமாக இருந்துகொண்டே மாதக்கணக்கில் சிறுநீரில் கிருமியை வெளியேற்றவும் கூடும். அச்சிறுநீர் பட்ட தரையை வெறுங்கையால் துடைப்பவருக்கு, தோலில் உள்ள சிறு கீறல் வழியே கிருமி உட்புகும். ஆகவே கையுறை அணிந்தே துடைக்க வேண்டும். நோயாளி அப்பணியைச் செய்யலாகாது. நாய்களுக்கு ஆண்டுதோறும் போடத்தக்க தடுப்பூசி உண்டு. எனினும் அது இக்கிருமியின் எல்லா வகைகளையும் தடுப்பதில்லை என்பதால், தடுப்பூசி போட்ட நாயையும் தேங்கிய நீரிலிருந்து விலக்கியே வைக்கவும்.

பூனை தொடர்பாகக் கவனிக்க வேண்டியது டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி. இது பூனையின் மலத்தில் வெளியேறி நீரில் கலக்கிறது. 2004ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் இவ்வொட்டுண்ணியால் ஒரே காலத்தில் பலருக்குக் கண் பாதிப்பு ஏற்பட்டபோது, குடிநீர் வழியே அது பரவியிருக்கக்கூடும் என்று கண் மருத்துவர்கள் கருதினர். குளோரின் இதனை எளிதில் அழிப்பதில்லை, கொதிக்கவைத்தால் அழியும். பூனையின் மலம் வெளியேறிய ஒன்று முதல் ஐந்து நாள்களுக்குள்ளாகவே தொற்றும் தன்மையைப் பெறுவதால், மணல் தட்டை நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் அதனைத் தொடாதிருப்பது நலம்.

நீரைத் தூய்மை செய்தல்

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் உள்ள இல்லத்திற்குக் காய்ச்சுதலே நம்பகமான முறை. நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். நீலகிரி போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளில் மூன்று நிமிடங்கள் கொதிக்கவிடவும். வீட்டினருக்குக் காய்ச்சும்போதே பிராணிக்குரிய நீரையும் சேர்த்துக் காய்ச்சி, நன்கு ஆறிய பின் வைக்கவும். இதற்கெனத் தனியே எரிவாயு செலவாகுமே என்று தயங்க வேண்டியதில்லை. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ அரை லிட்டர்தான். வெயில் காலத்தில் சற்றுக் கூடுதலாகும்.

காய்ச்சுவதால் எல்லாம் நீங்கிவிடும் என்று எண்ணலாகாது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்துள்ளது. இத்தகைய நீரைக் காய்ச்சினால் நீர் ஆவியாகி ஃபுளோரைடின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. அங்கெல்லாம் ஆர்.ஓ. கருவியின் நீரையோ, பாதுகாப்பானது எனச் சான்றளிக்கப்பட்ட கூட்டுக் குடிநீரையோ மனிதருக்கும் பிராணிக்கும் பயன்படுத்தவும்.

வெள்ளநீர் சம்ப் தொட்டிக்குள் புகுந்திருந்தால், முழுவதும் வெளியேற்றித் தேய்த்துக் கழுவிய பின்னரே புதுநீர் நிரப்ப வேண்டும். தெளிந்த நீராயின் 1000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைச் சிறிது நீரில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தவும். வண்ணமீன் தொட்டிக்கு இந்நீரை நேரடியாக ஊற்றலாகாது. குளோரின் மீன்களைக் கொல்லும்.

கிண்ணத்தைக் கழுவுதல்

எத்துணைத் தூய நீரை ஊற்றினாலும் கிண்ணம் அழுக்கானால் பயனில்லை. கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் அது கிருமிகள் படிந்த படலம். வெறும் நீரால் அலசினால் அது போகாது. நாள்தோறும் சோப்பிட்டு, அதற்கென ஒதுக்கிய நாரால் தேய்த்துக் கழுவி உலர்த்தவும். பாத்திரம் துலக்கும் நாரை இதற்குப் பயன்படுத்துவதே பல வீடுகளில் நேரும் பிழை. பிளாஸ்டிக் கிண்ணத்தின் கீறல்களில் அழுக்கு தங்குவதால் எவர்சில்வர் கிண்ணம் ஏற்றது. கழுவியவர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே நோயாளிக்கு உணவோ மருந்தோ தர வேண்டும்.

ஃபீனால் கலந்த கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சாகும். தரை துடைத்த வாளியைத் திறந்து வைக்காதீர்கள். கிண்ணத்தைக் கழுவவும் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

கிண்ணத்தில் ஊற்றும் நீரை ஒரு வாரம் அளந்து ஊற்றிப் பாருங்கள். நாய் ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் நாள்தோறும் குடித்தால், சிறுநீரக நோயோ நீரிழிவோ இருக்கக்கூடும். வாந்தி, காய்ச்சல், கண்ணும் ஈறும் மஞ்சளாதல் ஆகியவை தோன்றினால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவும்.

வீட்டில் எவருக்கேனும் திடீர்க் காய்ச்சலுடன் கடும் தலைவலி, கெண்டைக்கால் தசைவலி, கண் சிவத்தல் ஆகியவை இருந்தால், கடையில் மாத்திரை வாங்கி உட்கொண்டு காத்திருக்காமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அன்றே செல்லவும். எலிக்காய்ச்சலுக்குத் தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் சிறுநீரகம், கல்லீரல் பாதிப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். வீட்டில் நாயோ பூனையோ இருப்பதையும், அண்மையில் தேங்கிய நீரில் நடந்ததையும் மருத்துவர் கேட்கும் முன்னரே நீங்களாகச் சொல்லவும். ஐயம் இருப்பின் 104 என்னும் மருத்துவ உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.