மெலிந்த பிள்ளைக்கும் அழுத்தம் பாருங்கள்

"அக்கா, இவன் ஒண்டும் சாப்பிடுறான் இல்லை. எலும்பும் தோலுமாய் இருக்கிறான்."

கிழக்கு லண்டனில் பள்ளித் தாதியாக வேலை செய்யும் என்னிடம் தமிழ்த் தாய்மார் அதிகம் சொல்லும் குறை இதுதான். அவனுக்கு இரத்த அழுத்தம் பார்த்தீர்களா என்று கேட்டால் திகைத்துப்போகிறார்கள். மெலிந்த பிள்ளைக்கு அழுத்தமா?

நம் பிள்ளைகளின் உடல்வாகு கண்ணை ஏமாற்றும். ஒரே உயரமும் எடையும் உள்ள வெள்ளைக்காரப் பிள்ளையைவிடத் தெற்காசியப் பிள்ளையின் உடலில் கொழுப்பு கூட, தசை குறைவு. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கில், தெற்காசியப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 1.1 கூட்டிப் பார்க்க வேண்டும் என்று 2017இல் ஒரு பிரித்தானிய ஆய்வு சொன்னது. கறுப்பினப் பிள்ளைகளுக்கோ கழிக்க வேண்டும்.

2004 முதல் 2007 வரை லண்டன், பர்மிங்காம், லெஸ்டர் நகரங்களின் 200 தொடக்கப் பள்ளிகளில் 9, 10 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தது 'சேஸ்' ஆய்வு. தெற்காசியப் பிள்ளைகளின் மேல் அழுத்தம் வெள்ளைக்காரப் பிள்ளைகளைவிடக் கூட இல்லை; கீழ் அழுத்தம் மட்டும் சற்றுக் கூட. இது சிறு வித்தியாசம்தான். ஆனால் சிறுவயது அழுத்தம் வளர்ந்த பிறகும் தொடரக்கூடும் என்பதால் என்னால் அதை ஒதுக்க முடியவில்லை.

அதே ஆய்வில் இடுப்பில் கருவி கட்டி ஓடியாடுவதை அளந்தபோது, தெற்காசியப் பிள்ளைகள்தான் மிகக் குறைவாக அசைந்தார்கள். எல்லா இனத்திலும் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகள் குறைவு. எனக்கு இது புதினமில்லை. பள்ளி விட்டால் டியூஷன், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிறு வயலின். மாரியில் நாலு மணிக்கே இருட்டிவிடும். பிள்ளை எப்போது ஓடுவது?

அந்த ஆய்வில் சாப்பாட்டிலும் ஒரு வியப்பு: தெற்காசியப் பிள்ளைகள் சீனியை வெள்ளைக்காரப் பிள்ளைகளைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். கொழுப்பு கூடியிருந்தது. ரோல்ஸ், வடை, மிக்சர் என்று பின்னேரத் தட்டு நிறைவதைப் பார்க்கிறவள் நான். அதோடு உப்பு. 7 முதல் 10 வயதுவரை ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் கூடாது என்பது இங்குள்ள அறிவுரை. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சோற்றில் போட்ட உப்பு, கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டி பிள்ளையின் கைக்கு அளவானதா என்று கேளுங்கள். பட்டி சிறிதானால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். பெரியவர்களின் 120/80 கணக்கும் சிறுபிள்ளைகளுக்குச் சரிவராது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்தே மருத்துவர் முடிவு சொல்வார்.

நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்க அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பரதம் ஆடினால் கணக்கில் சேரும். சப்பணமிட்டுப் பாட்டுப் படித்தால் சேராது. எங்கள் தமிழ்ப் பள்ளியில் இலக்கண வகுப்புக்கு முன் அரை மணி நேரம் கிளித்தட்டு விளையாட விடுங்கள் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான்.