ஊர் சேமித்த கோடை

குளிர் காலத்தில் கணப்பு இல்லாமல் உயிர் வாழ்வதே அரிதான வட ஐரோப்பிய தேசங்களில், குடும்பங்கள் வீட்டில் செலவிடும் சக்தியில் பாதிக்கு மேற்பட்ட பாகம் விளக்குக்கும் அடுப்புக்கும் அன்று, அறைகளைச் சூடாக வைப்பதற்கே போகிறது என்னும் விஷயம், வெயிலுக்கு ஒதுங்கியே பழகிய நமக்கு எளிதில் மனத்தில் படுவதில்லை. அந்தச் சூட்டை வீட்டுக்கு வீடு தனித்தனியே உண்டாக்கிக் கொள்ளாமல், ஓரிடத்தில் நீரைக் காய்ச்சி, பூமிக்கடியில் பதித்த குழாய்களின் வழியே ஊர் முழுவதற்கும் அனுப்பி, உஷ்ணத்தைக் கொடுத்துவிட்டுத் தணிந்து திரும்பும் நீரை மறுபடியும் காய்ச்சி அனுப்புகிற பொது வெப்ப விநியோகம், டென்மார்க்கில் 1903-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. கோபன்ஹேகனை ஒட்டிய பிரெடரிக்ஸ்பெர்க்கில் ஊர்க் குப்பையை எரித்து, அந்த வெப்பத்தை ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஆனால் அது தேசத்தின் பொதுக் காரியமாக ஆனது, 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, தன் சக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அயல்நாட்டு எண்ணெயையே நம்பியிருந்த அந்தச் சிறு நாடு நிலைகுலைந்த பிறகுதான். 1979-இல் வெப்ப விநியோகத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். எந்தப் பகுதிக்கு எந்த வகையில் வெப்பம் என்று திட்டம் வகுப்பது நகரசபைகளின் கடமையாயிற்று. வெப்பம் விற்கும் ஸ்தாபனங்கள் லாபம் சம்பாதிக்கலாகாது, அடக்க விலையையே வாங்க வேண்டும் என்பது விதியாயிற்று. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தக் குழாய்களோடு இணைந்திருக்கின்றன. நான் பெரிதாக மதிப்பது இந்தப் பொதுக் குழாயைத்தான். உலையில் நிலக்கரிக்குப் பதில் வைக்கோலும், வைக்கோலுக்குப் பதில் சூரியனும் வந்தபோது, ஓர் ஊரின் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நாளில் மாறிவிட்டன. ஆனால் எந்த வீட்டுக்காரரும் தம் சுவரை இடிக்கவோ புதிய கருவி வாங்கவோ நேரவில்லை.

ஃபியூன் தீவுக்குத் தெற்கே கடலில் கிடக்கும் ஏரோ என்னும் சிறு தீவிலுள்ள மார்ஸ்டல், மாலுமிகளுக்கும் கப்பல் கட்டுவதற்கும் பேர் போன பழைய ஊர். அங்கே 1,500-க்குச் சற்று மேற்பட்ட வீடுகளுக்கு வெப்பம் தருகிற கூட்டுறவு ஸ்தாபனம், அதை உபயோகிக்கும் ஜனங்களுக்கே சொந்தம். 1996-இல் ஊருக்கு வெளியே சுமார் 8,000 சதுர மீட்டர் சூரிய வெப்பத் தகடுகளை நிறுத்தியவர்கள், படிப்படியாக விஸ்தரித்து 2012-இல் அதை 33,000 சதுர மீட்டருக்கு மேலாக்கினார்கள். ஆயினும் டிசம்பரில் ஏழு மணி நேரமே பகல் நிற்கிற அந்தப் பிரதேசத்தில், வெப்பம் அதிகம் வேண்டியிருக்கும் காலத்தில் சூரியன் இல்லை. சூரியன் மிகுந்திருக்கும் காலத்தில் வெப்பம் வேண்டுவார் இல்லை. விளைந்த காலத்து நெல்லைக் குதிரில் இட்டு வைப்பதைப்போல வெயிலையும் இட்டு வைத்தாலன்றி இந்த முரண்பாடு தீராது.

அதற்காக அவர்கள் தரையில் 75,000 கன மீட்டர், அதாவது ஏழரைக் கோடி லிட்டர், கொள்ளக்கூடிய பெரும் பள்ளம் ஒன்றைத் தோண்டி, உட்புறம் முழுவதும் பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தி, நீரை நிரப்பி, வெப்பத்தை வெளியே விடாத மிதக்கும் மூடி ஒன்றால் மூடினார்கள். சூடான நீர் இலேசாதலால் மேலேயே தங்க, குளிர்ந்த நீர் அடியில் நிற்கிறது. கோடை முழுதும் தகடுகளில் காய்ந்த நீரின் வெப்பத்தை மேற்பரப்பில் சேர்த்து, இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் மேலிருந்தே எடுத்துக் கொள்கிறார்கள். இதை ஒரு குடும்பம் தன் வீட்டுத் தொட்டியில் செய்துவிட முடியாதா என்று கேட்கலாம். முடியாது, ஏனெனில் வெப்பம் வெளியேறுவது பரப்பின் வழியாக, தங்குவதோ கன அளவில், பாத்திரம் பெரிதாக ஆக, கன அளவு வளரும் வேகத்தில் பரப்பு வளர்வதில்லை. சிறு தொட்டி சில நாட்களில் ஆறிவிடும். ஊர்ப் பள்ளம் மாதக்கணக்கில் சூட்டைக் காக்கும். கோடையைச் சேமிப்பது தனி மனிதனால் ஆகாது, ஊராலேயே ஆகும் என்பதை இயற்கையின் கணக்கே விதித்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே ஆனந்தம் உண்டாகிறது.

இவ்வாறு மார்ஸ்டலின் வெப்பத் தேவையில் ஏறத்தாழப் பாதியைச் சூரியன் தருகிறது. மிச்சத்துக்கு மரச் சில்லுகளை எரிக்கும் பாய்லரும் மின்சார வெப்பப் பம்பும் இருக்கின்றன. மரம் மீண்டும் வளரும் என்பதனால் அதையும் புதுப்பிக்கத்தக்க சக்தியோடு சேர்க்கிறார்கள். ஆனால் டென்மார்க்கின் பெரிய நகரங்களில் கப்பல் கப்பலாக அயல்நாட்டு மரத்துகளை இறக்கி எரிப்பதைச் சூரியனோடு சமமாக வைத்துப் பேச என் மனம் இசையவில்லை. எரித்த மரம் ஒரு நாளில் புகையாகிறது. அதன் ஸ்தானத்தில் இன்னொன்று வளரப் பல பத்தாண்டுகள் செல்லும்.

அதனால்தான் அந்நாட்டின் எஸ்பியெர்க் துறைமுகத்தில் நடந்திருப்பதை மிகுந்த நம்பிக்கையோடு கவனிக்கிறேன். அங்கே நிலக்கரியை எரித்து ஊருக்கு வெப்பம் தந்த நிலையம் 2024-இல் மூடப்பட்டது. கடல்நீரிலுள்ள சொற்ப வெப்பத்தை உறிஞ்சி, கரியமில வாயுவை அழுத்தி அந்த வெப்பத்தை உயர்ந்த உஷ்ண நிலைக்கு ஏற்றி, குழாய் நீருக்கு மாற்றும் ராட்சத வெப்பப் பம்புகள் அதன் பணியில் பெரும் பங்கை ஏற்றுக்கொண்டன. குழாய் நீரின் சூடு குறைவாக இருந்தால் போதும் என்றால் இத்தகைய யந்திரங்களின் வேலை இன்னும் சுலபமாகும். ஆகையால் பழைய வீடுகளின் சுவரையும் ஜன்னலையும் குளிர் புகாதபடி செப்பனிடுவதும் இதே காரியத்தின் பாகந்தான்.

வீடுகள் நெருங்கி நிற்காத கிராமப் புறங்களில் நெடுந்தூரக் குழாய் வழியிலேயே சூட்டை இழந்துவிடும். எனவே 2022-இல் எரிவாயு விலை ஏறியபோது, எரிவாயுவால் வீட்டைச் சூடாக்கி வந்தவர்களுக்கு, பொதுக் குழாய் அவர்கள் தெருவுக்கு வருமா, அல்லது தனி வெப்பப் பம்பு வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதை அவ்வாண்டு முடிவதற்குள் தெரிவிக்கும் பொறுப்பு நகரசபைகளிடம் ஒப்படைக்கப்பட்டது.