யூதர்களுக்கும் பாலஸ்தீனர்களுக்கும் ஒரே நாடு: சாத்தியமா?

பாலஸ்தீனத்தின் எதிர்காலத்தை ஆராய 1947இல் ஐ.நா. அமைத்த 11 நாடுகள் குழுவில் இந்தியாவும் இருந்தது. குழுவின் பெரும்பான்மை, நாட்டை இரண்டாகப் பிரிக்கச் சொன்னது. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் அதை ஏற்காமல், யூதர்களும் அரபு மக்களும் சேர்ந்து வாழும் கூட்டாட்சியைப் பரிந்துரைத்தன. நவம்பர் 29 அன்று பொதுச்சபையில் பிரிவினைக்கு 33 வாக்குகள், எதிராக 13. தொடர்ந்து வந்த போரில் 7 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் அகதிகளானார்கள்.

ஒரே நாடு என்ற எண்ணம் யூதர்களிடமும் இருந்தது. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத் தலைவர் யூதா மேக்னஸும் தத்துவவாதி மார்ட்டின் பூபரும் 1942இல் 'இஹூத்' என்ற அமைப்பைத் தொடங்கி, இரு இனமும் சம உரிமையோடு ஆளும் அரசைக் கேட்டார்கள். அவர்களுடைய வட்டாரத்தோடு 1946 நவம்பரில் உடன்பாட்டில் கையெழுத்திட்ட அரபுத் தலைவர் ஃபௌஸி தர்வீஷ் அல்-ஹுசைனி, சில நாட்களிலேயே கொல்லப்பட்டார். அந்த முயற்சி அத்தோடு முடங்கியது. இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனர்களுக்கும் இடையிலான 1993 ஆஸ்லோ ஒப்பந்தம் தந்த நம்பிக்கை கரைந்த பிறகு, 1999இல் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீத் அதே யோசனையை மறுபடி எழுப்பினார்.

இன்று அது ஏன் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது? ஜோர்டான் நதிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையில் யூதர்கள் சுமார் 70 லட்சம், பாலஸ்தீனர்களும் ஏறத்தாழ அதே அளவு. மேற்குக் கரையின் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் இருவரைப் பாருங்கள். யூதக் குடியேறியின் காரில் மஞ்சள் நம்பர் பிளேட். அவர் இஸ்ரேல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பார், வழக்கு வந்தால் சிவில் நீதிமன்றம். பாலஸ்தீனரின் பிளேட்டில் பச்சை எழுத்து. தன் ஊரை ஆளும் இஸ்ரேல் ராணுவத்தின் மீது அவருக்கு வாக்கு கிடையாது, அவரை விசாரிப்பது ராணுவ நீதிமன்றம்.

எதிர்ப்பு இரு பக்கமும் உண்டு. பெரும்பான்மை போனால் பாதுகாப்பும் போய்விடும் என்று யூதர்கள் அஞ்சுகிறார்கள்; நாஜிப் படுகொலையையும் 2023 அக்டோபர் 7 தாக்குதலையும் கண்ட சமூகத்தின் அச்சம் அது, உதறித்தள்ள முடியாது. தங்களுக்கென்று ஒரு கொடி வேண்டும் என்பது பாலஸ்தீனர் பலரின் ஆசை. அதனால்தான் இரண்டு அரசுகள், திறந்த எல்லை, எங்கும் குடியிருக்கும் உரிமை என்ற கூட்டமைப்பு யோசனையும் பேசப்படுகிறது. என் பார்வையில் கைக்கு எட்டக்கூடியது இதுதான்.

இரு நாட்டுத் தீர்வு என்று பேசும் அரசுகள் அதற்கு ஒரு காலக்கெடு சொல்ல வேண்டும். சொல்ல முடியாதென்றால், 1967 முதல் ராணுவ ஆட்சியில் இருப்பவர்களுக்குச் சம வாக்குரிமை கேட்க வேண்டும்.