ஹார்லெமுக்கு வந்த கரப்பான்பூச்சி

மார்ட்டினா என்றொரு கரப்பான்பூச்சி. பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டு, பெரேஸ் என்ற எலியைக் கட்டிக்கொள்கிறாள். கிறிஸ்துமஸ் அன்று அடுப்பிலிருந்த அரிசிப் பாயசத்தை ருசி பார்க்கப் போன பெரேஸ், பானைக்குள்ளேயே விழுந்து செத்துப்போகிறான். புவேர்ட்டோ ரிக்கோவில் பாட்டிமார் சொல்லும் கதை இது. நியூயார்க் பொது நூலகத்தில் அன்று இதைச் சொல்ல வழியில்லை. அச்சேறிய கதைகளை மட்டுமே குழந்தைகளுக்குச் சொல்லலாம் என்பது அங்கே அப்போதைய விதி.

அதற்கு விலக்கு வாங்கியவர் பூரா பெல்ப்ரே. சகோதரியின் கல்யாணத்துக்காக 1920இல் நியூயார்க் வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். ஹார்லெம் 135ஆம் தெருக் கிளை நூலகத்தில் ஸ்பானிஷ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. வேலை முதலில் சகோதரிக்குத்தான் வந்ததாம், வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. 1921இல் பூரா சேர்ந்தார். நூலகம் வேலைக்கு எடுத்த முதல் புவேர்ட்டோ ரிக்கோக்காரர் அவர்தான்.

1929இல் 115ஆம் தெருக் கிளைக்கு மாறினார். அங்கே ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் கதை நேரம், பொம்மலாட்டம், ஜனவரி 6 வந்தால், குழந்தை இயேசுவைக் காண வந்தவர்கள் நினைவாக மூவரசர் திருவிழா. ஸ்பானிஷ் புத்தகங்களும் வந்து சேர்ந்தன. மார்ட்டினா கதை 1932இல் புத்தகமாகவே வெளிவந்தது. புத்தகம் வாங்கப் பணம் இருந்தால் போதும். ஆனால் படியேறத் தயங்கும் ஒரு தாயை அவள் பாஷையில் ‘உள்ளே வாங்க’ என்று கூப்பிட ஆள் இல்லாவிட்டால், அந்த அலமாரியால் யாருக்கு என்ன லாபம்?

புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் பின்னால் வந்தது, அதுவும் சண்டை போட்டு. எங்கள் வரலாறு பாடத்தில் எங்கே என்று கிழக்கு ஹார்லெம் பெற்றோர் கேட்டார்கள். பாடக்கருவிகள் தயாரிக்க ஓவியர் ரஃபேல் மொன்டான்யெஸ் ஒர்டீஸைப் பள்ளி நிர்வாகம் அமர்த்தியது. அவரோ 1969இல் ஒரு பள்ளி வகுப்பறையில் அருங்காட்சியகத்தையே தொடங்கிவிட்டார். அதுதான் ‘எல் முசேயோ தெல் பாரியோ’. ‘பேட்டை அருங்காட்சியகம்’ என்று பொருள். கடைவாசல்களில் குடியிருந்து, 1977இல் ஐந்தாம் அவென்யூவில் நிலைபெற்றது. மூவரசர் ஊர்வலம் இங்கேயும் உண்டு.

பிறகு அதன் வாசல் லத்தீன் அமெரிக்கா முழுவதற்கும் திறந்தது. பேட்டைக்காரர்கள் பலருக்கு இதில் மனத்தாங்கல்: நாங்கள் கேட்டு வாங்கிய இடம் எங்களுக்கே அந்நியமாகிறதே என்று. எனக்கு அவர்கள் கட்சியில்தான் நியாயம் அதிகம் தெரிகிறது. மெக்ஸிகோ ஓவியத்துக்கு நியூயார்க்கில் வேறு சுவர்களும் கிடைக்கும்.